மும்பையில் எங்கே குடியிருப்பது?

வாடகை குறையக் குறைய ரயில் பயணம் நீளும் நகரத்தில், வீடு தேடுவதற்கு முன்னால் தேட வேண்டியது ரயில் பாதையை.

தெற்கிலிருந்து புனே வழியாக வரும் ரயில்கள் கல்யாண் நிலையத்தை நெருங்கும்போது பெட்டிகளில் ஒரு பரபரப்பு எழுகிறது. இருக்கைக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிய சூட்கேஸ், அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, முறுக்கு டின் எல்லாம் வாசலை நோக்கி நகர்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த மூட்டைகளில் பெரும்பாலானவை இங்கே இறங்கவில்லை. தாதர் வரை சென்று, அங்கிருந்து டாக்சி ஏறி, மாட்டுங்காவுக்கோ சயானுக்கோ தாராவிக்கோ போய்ச் சேர்ந்தன. மும்பைத் தமிழனின் இறங்குமிடம் மெல்ல மெல்ல 45 கிலோமீட்டர் பின்னுக்கு நகர்ந்துவிட்டது.

காரணம் வாடகைதான். மாட்டுங்காவில் ஒரு படுக்கையறை வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் நாலாசோப்பாராவிலோ பத்லாபூரிலோ அதே அளவில் நான்கைந்து வீடுகள் எடுக்கலாம். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய வாடகையில் சமையலறை, குளியலறையுடன் தனி வீடு வேண்டுமென்றால் இந்தத் தொலைதூரப் புறநகர்களுக்குத்தான் போக வேண்டும். செம்பூரில் இது மூன்று நான்கு மடங்காகும். ஊரிலிருந்து வேலைக்கான உத்தரவை எடுத்துக்கொண்டு புறப்படுபவர் கேட்கும் முதல் கேள்வி “எங்கே வாடகை குறைவு?” என்பதுதான். மும்பையில் அது தவறான முதல் கேள்வி.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கோட்டைப் பகுதியில் அலுவலகம், விராரில் வீடு என்று வைத்துக்கொள்வோம். விராரிலிருந்து சர்ச்கேட் 60 கிலோமீட்டர். ரயிலில் ஒன்றரை மணி நேரம். வீட்டிலிருந்து நிலையம் வரை ஷேர் ஆட்டோ, நிலையத்திலிருந்து அலுவலகம் வரை நடை, நடுவில் காத்திருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரயிலில் கழியும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே நாளைக்கு மூன்று மணி நேரம். மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் 75 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால், ஒன்பது நாளுக்கும் அதிகம். அதாவது இவர் மாதத்துக்கு 25 நாள் வேலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் 34 நாள் உழைக்கிறார். அதில் ஒன்பது நாளுக்குச் சம்பளம் கிடையாது.

சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான் என்பதால் இந்தச் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. வாடகை ரசீதில் எழுதப்படாத இந்த இரண்டாவது வாடகை வேறு பல இடங்களில் வசூலாகிறது. பிள்ளைகள் விழித்திருக்கும்போது வீட்டில் இல்லாத அப்பா. காலை நான்கரை மணிக்கு எழுந்து மூன்று டப்பாக்களில் சமையல் முடிக்கும் அம்மா. நாற்பது வயதில் வரும் முதுகுவலி.

சில சமயம் உயிரும் வசூலாகிறது. 2025 ஜூன் 9 அன்று காலை நெரிசல் நேரத்தில், மும்ப்ரா அருகே எதிரெதிராகக் கடந்த இரண்டு ரயில்களின் வாசல்களில் தொங்கிக்கொண்டிருந்த பயணிகள் கீழே விழுந்தார்கள். குறைந்தது நான்கு பேர் இறந்தார்கள். அன்று ஒரே இடத்தில் பலர் விழுந்ததால் அது நாடு முழுவதும் செய்தியாயிற்று. மும்பையின் புறநகர் ரயில் பாதைகளில் தண்டவாளத்தைக் கடக்கும்போதும் ரயிலிலிருந்து விழுந்தும் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறக்கும் நகரம் இது. ஆகவே குறைந்த வாடகைப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது என்பது பணத்தை மட்டும் பொறுத்த விஷயமல்ல.

மூன்று கோடுகளில் ஒரு நகரம்

மும்பையின் வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். கடலுக்குள் நீட்டிய கை மாதிரி ஒடுங்கிய நிலம். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதற்குப் பிறகு நகரம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே வடக்கு நோக்கி வளர்ந்தது. சர்ச்கேட்டிலிருந்து பாந்த்ரா, அந்தேரி, போரிவலி வழியாக விராருக்கும் அதற்கு அப்பாலும் போவது மேற்குப் பாதை. சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸிலிருந்து (பழைய வி.டி.) தாதர், குர்லா, தாணே வழியாகக் கல்யாண் சென்று, அங்கே கசாரா பக்கமும் பத்லாபூர், கர்ஜத் பக்கமும் பிரிவது மத்தியப் பாதை. அதே டெர்மினஸிலிருந்து வடாலா, செம்பூர், வாஷி வழியாகப் பன்வெல் போவது துறைமுகப் பாதை. தாணேயையும் வாஷியையும் இணைக்கும் பாதை 2004இல் வந்தது.

புதிதாக வருபவர் கிலோமீட்டரைப் பார்த்து ஏமாந்துபோவது இங்கேதான். முலுண்ட் மத்தியப் பாதையில் இருக்கிறது. போரிவலி மேற்குப் பாதையில். வரைபடத்தில் இரண்டும் அக்கம்பக்கத்து ஊர்கள். நடுவே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா காடாக நிற்கிறது. முலுண்டில் வீடு எடுத்துக்கொண்டு போரிவலியில் வேலை பார்க்க வேண்டுமென்றால், ரயிலில் தெற்கே தாதர் வரை வந்து, பாலம் ஏறி இறங்கி, மறுபடியும் வடக்கே போக வேண்டும். சாலை வழியாகப் போனாலும் காட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். தாதரில் காலை ஒன்பது மணிக்கு ஒரு பாதையிலிருந்து மற்றொரு பாதைக்கு மாறுவது என்றால் என்ன என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அனுபவித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனவே முதல் விதி: அலுவலகம் எந்தப் பாதையில் இருக்கிறதோ அந்தப் பாதையிலேயே வீடு. ஒரே ரயிலில் ஒரு மணி நேரம் போவது, இரண்டு ரயில் மாறி நாற்பது நிமிடம் போவதைவிட மேல்.

‘அலுவலகம் என்றால் கோட்டை’ என்ற காலமும் போய்விட்டது. 1982இல் தொடங்கிய ஜவுளித் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் மூடிய லோயர் பரேலில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கு வந்துவிட்டன. அந்தேரி, பொவாய், கோரேகாவ், ஐரோலி என்று கணினி நிறுவனங்கள் பரவியிருக்கின்றன. ஐரோலியில் வேலை கிடைத்தவர் ‘மும்பைக்குப் போகிறோம்’ என்று தாதர் பக்கம் அறை தேடுவது வீண். அவருக்குத் தாணேயும் கல்வாவும் கன்சோலியும் கோப்பர்கைரணேயும் பக்கம். அந்தேரியில் வேலை என்றால் மேற்குப் பாதைக்காரர்களுக்கு வசதி. அத்துடன் 2014இல் தொடங்கிய வெர்சோவா-காட்கோபர் மெட்ரோ இருப்பதால் மத்தியப் பாதையில் காட்கோபர் பக்கம் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கும் தெற்கு மும்பைக்கும் 2024-25இல் திறக்கப்பட்ட பாதாள மெட்ரோ, ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை போகிறது. மெட்ரோ வந்த இடத்தில் வாடகையும் ஏறுகிறது என்பது வேறு விஷயம்.

எந்த நிலையம்?

பாதையைத் தீர்மானித்த பிறகு நிலையம். இங்கே மும்பைக்காரர்கள் பார்க்கும் இரண்டு விஷயங்களை வெளியூர்க்காரர்கள் பார்ப்பதில்லை.

ஒன்று, அங்கே விரைவு லோக்கல் நிற்குமா என்பது. டோம்பிவிலியில் நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் கோபரிலும் டாக்குர்லியிலும் நிற்காது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி வாடகை குறைவு என்று தரகர் காட்டும் வீடு, தினமும் நின்று நின்று போகும் வண்டியில் உங்களை ஏற்றிவிடும்.

இரண்டாவது, அங்கிருந்தே ரயில் புறப்படுகிறதா என்பது. விரார், போரிவலி, தாணே, டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர், வாஷி, பேலாப்பூர், பன்வெல் ஆகிய நிலையங்களிலிருந்து காலையில் வண்டிகள் புறப்படுகின்றன. காலி வண்டி வந்து நிற்கும். உட்கார இடம் கிடைக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து போவதற்கும் ஒற்றைக்காலில் நின்று போவதற்கும் உள்ள வித்தியாசம் பத்து வருடத்தில் உடம்பில் தெரியும். நடுவழி நிலையங்களில் இருப்பவர்களுக்கு ஏறுவதே போராட்டம். விரார் வண்டியில் ஏறிப் போரிவலியில் இறங்க நினைப்பவரை விரார்க்காரர்கள் விடமாட்டார்கள் என்பது மேற்குப் பாதையின் எழுதப்படாத சட்டம்.

பெண்கள் வேலைக்குப் போகும் வீடு என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ரயிலுக்குள் பெண்கள் பெட்டி உண்டு. 1992 முதல் பெண்களுக்கென்றே தனி ரயிலும் ஓடுகிறது. கவலை ரயிலில் அல்ல, நிலையத்துக்கு வெளியே. இரவு பத்து மணிக்கு ரயில் இறங்கி, வீட்டு வாசல் வரை போகும் பாதையில் கடைகள் திறந்திருக்கின்றனவா, விளக்கு எரிகிறதா, ஷேர் ஆட்டோ கிடைக்கிறதா? இதைத் தரகரிடம் கேட்காமல் ஒருமுறை நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாத் தரகர்களுக்கும் நிலையம் “ஐந்தே நிமிடம்”தான்.

தமிழர்கள் நகர்ந்த வழி

மும்பையின் பழைய தமிழர்கள் இந்தக் கணக்கெல்லாம் போட்டு வீடு பார்க்கவில்லை. ஊர்க்காரர் எங்கே இருந்தாரோ அங்கே போய் இறங்கினார்கள். படித்துவிட்டு அலுவலக வேலைக்கு வந்தவர்கள் மாட்டுங்காவுக்குப் போனார்கள். 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், ஆஸ்திக சமாஜம், சண்முகானந்தா அரங்கம், பூக்கடை, காபிக்கொட்டை அரைக்கும் கடை, வாழையிலையில் சாப்பாடு போடும் உடுப்பி போஜன சாலை எல்லாம் அங்கேயும் அதைச் சுற்றியும் எழுந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் தாராவியில் தங்கினார்கள். இரண்டுக்கும் நடுவே அதிக தூரமில்லை. ஆனால் இரண்டு மும்பைகள். 1966இல் சிவசேனை தொடங்கி, தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷம் எழுந்த காலத்தில், மொழிக்காரர்கள் சேர்ந்து வசிப்பதே பாதுகாப்பு என்று இரு தரப்பினரும் நினைத்தார்கள்.

பிறகு குடும்பம் பெருகியது. ஒரே அறையில் இரண்டு மருமகள்கள் இருக்க முடியாது. மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கும், செம்பூரிலிருந்து முலுண்டுக்கும், முலுண்டிலிருந்து டோம்பிவிலிக்கும் நகர்ந்தார்கள். 1970இல் சிட்கோ என்ற அரசு நிறுவனம் கடற்கழிமுகத்துக்கு அக்கரையில் நவி மும்பையை உருவாக்கத் தொடங்கியது. 1992இல் பாலத்தின் மீது ரயில் வாஷிக்கு வந்ததும் அங்கேயும் போனார்கள். போன இடத்தில் எல்லாம் ஒரு கோயில், ஒரு பஜனை மண்டலி, இட்லி மாவு விற்கும் ஒரு கடை. செம்பூர் சேடா நகரில் குன்றின்மேல் முருகனும் இருக்கிறார்.

இன்று புதிதாக வருபவருக்கு இந்தப் பகுதிகள் எப்படி?

மாட்டுங்கா சாமானியர்களின் பட்ஜெட்டில் இல்லை. அங்கே சில நூறு ரூபாய் வாடகையில் இன்னும் தமிழ்க் குடும்பங்கள் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை உறையவைத்ததன் விளைவு. அந்த வாடகை புதியவருக்குக் கிடையாது. மாட்டுங்காவை ஒட்டிய சயான் கோலிவாடா, அண்டாப் ஹில் பகுதிகளில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டால் தனியாள் சமாளிக்கலாம். மத்தியப் பாதையும் துறைமுகப் பாதையும் கைக்கெட்டும் தூரத்தில். சாப்பாட்டுக்கு மாட்டுங்கா.

தாராவியில் வாடகை அறை இன்னமும் கிடைக்கிறது. ஏணி வைத்து ஏறும் மாடி அறை, பொதுக் கழிப்பறை, குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு ஏற்ப எழுந்திருத்தல் இவற்றுக்குப் பழகிக்கொள்ள முடிந்தால், நகரத்தின் நடுவில் இதைவிடக் குறைந்த செலவில் இருக்க இடமில்லை. ஆனால் அதானி குழுமம் அரசுடன் சேர்ந்து மேற்கொண்டுள்ள சீரமைப்புத் திட்டம் அந்தப் பகுதியின் தலைக்கு மேல் நிற்கிறது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதி, மாடி அறைக்காரர்களுக்கு வேறு விதி. இன்று வாடகைக்கு வருபவருக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. எனவே முன்பணம் பெரிதாகக் கொடுக்காமல், எப்போது வேண்டுமானாலும் மூட்டை கட்டத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே அது பொருத்தம்.

செம்பூர் நடுத்தரக் குடும்பங்களின் ஆசை. வாடகை ஏறிவிட்டது. அதற்குப் பக்கத்தில் கோவண்டி, மான்கூர்ட், மாஹுல் என்று போகப் போகக் குறையும். குறைவதற்குக் காரணம் உண்டு. மாஹுலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். தேவனாரில் நகரத்தின் குப்பை மலை. ஆஸ்துமாக்காரர் உள்ள குடும்பம் அங்கே மிச்சப்படுத்தும் வாடகையை மருத்துவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகளுடன் வரும் குடும்பத்துக்கு, டோம்பிவிலியும் நவி மும்பையும்தான் இன்று யோசிக்கத் தகுந்தவை. டோம்பிவிலியில் பள்ளிகளும் கடைகளும் நிலையத்தைச் சுற்றியே இருக்கின்றன. விரைவு வண்டி உண்டு. ஆனால் நெரிசலில் அந்த நிலையத்துக்குப் பெரிய பெயர். நவி மும்பையில் சாலை அகலம், வீடு காற்றோட்டம். மோர்பே அணை அந்த மாநகராட்சிக்கே சொந்தம் என்பதால் வாஷி, நெருல், சான்பாடாவில் தண்ணீர்க் கவலை குறைவு. அதைத் தாண்டிய கார்கர், பன்வெல் பகுதி வேறு மாநகராட்சி. வீடு இன்னும் பெரிதாக, இன்னும் மலிவாகக் கிடைக்கும். தண்ணீருக்கு டாங்கரை எதிர்பார்க்கும் கட்டடங்களும் அங்கே உண்டு. குழாயில் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் அல்ல.

சட்டவிரோத மலிவு

வாடகை மிகவும் குறைவாக இருந்தால் ‘ஏன்’ என்று கேட்பது நல்லது. மும்பையைச் சுற்றியுள்ள நகராட்சிகளில் அனுமதியின்றி எழுந்த கட்டடங்கள் ஏராளம். 2013 ஏப்ரலில் மும்ப்ரா அருகே ஷில்பாட்டாவில், கட்டிக்கொண்டிருக்கும்போதே குடிவைக்கப்பட்ட சட்டவிரோதக் கட்டடம் இடிந்து 74 பேர் இறந்தார்கள். 2025 ஆகஸ்டில் விராரில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் பகுதி இடிந்து 17 பேர் இறந்தார்கள். அதுவும் அனுமதியின்றிக் கட்டியதே. நாலாசோப்பாரா கிழக்கில் 41 கட்டடங்களை, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 இறுதியிலிருந்து சில மாதங்களில் நகராட்சி இடித்துத் தள்ளியது. குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் சட்டி பானையுடன் தெருவில் நின்றன. வீட்டை வாங்கியவர்கள் பணத்தை இழந்தார்கள். வாடகைக்கு இருந்தவர்களில் பலருக்கு முன்பணம் திரும்புமா என்பதே கேள்வியானது.

கட்டடத்துக்குக் குடியேற்றச் சான்றிதழ் (இங்கே எல்லோரும் ‘ஓ.சி.’ என்கிறார்கள்) இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் தரகர் பேச்சை மாற்றினால் நீங்களும் வீட்டை மாற்றுங்கள். கட்டடத்தில் பதிவு பெற்ற கூட்டுறவு வீட்டுச் சங்கம் இயங்குகிறதா, மின் மீட்டர் யார் பெயரில் இருக்கிறது, சொத்து வரி ரசீது உண்டா என்பவையும் தடயங்கள்.

மழைக்காலமும் ஒரு தடயம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு பொங்கிக் குர்லா பக்கம் முதல் மாடி வரை தண்ணீர் ஏறியது. 2019 ஜூலையில் உல்ஹாஸ் ஆறு பெருகி, பத்லாபூர்-வாங்கனி இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. பயணிகளைப் படகில் மீட்டார்கள். ஜனவரியில் பார்க்கும் தரைத்தள வீடு அழகாகத்தான் இருக்கும். சுவரில் முழங்கால் உயரத்தில் புதுச் சுண்ணாம்பு மட்டும் தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

கையெழுத்துக்கு முன்

மும்பையில் ‘வாடகை’ என்ற சொல்லே ஒப்பந்தத்தில் வருவதில்லை. வீட்டுக்காரர் தருவது ‘லீவ் அண்ட் லைசன்ஸ்’. இருந்துகொள்ள அனுமதி, அவ்வளவுதான். பழைய சட்டத்தில் குடி வந்தவரைக் கிளப்ப முடியாமல் தவித்த வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்த பாதுகாப்பு இது. வழக்கமாக 11 மாதம். சில இடங்களில் 22 அல்லது 33 மாதம், ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட சதவீத உயர்வுடன். 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும். காலம் முடிந்தும் வெளியேறாமல் இருந்தால் இரு மடங்கு கட்டணம் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. ‘பதிவெல்லாம் எதற்கு, வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்வோம்’ என்று சொல்பவரிடம் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு அலைவது பெரும்பாலும் புதிதாக வந்தவர்தான்.

பட்ஜெட் போடும்போது வாடகையை மட்டும் எழுதாதீர்கள். சில மாத வாடகை முன்பணம். தரகருக்கு ஒரு மாத வாடகை, ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும். முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டினால், தரகரின் பங்கு மட்டுமே உங்கள் வாடகையை ஒன்பது சதவீதம் உயர்த்திவிடுகிறது. இருநூறு ரூபாய்க்காக ஓயாமல் வீடு மாறுவதில் லாபமில்லை.

‘பக்டி’ வீடு, ‘ஹெவி டெபாசிட்’ வீடு என்று இரண்டு தூண்டில்கள் உண்டு. பக்டி என்பது பெரிய தொகை கொடுத்து, வாடகைக்காரரின் உரிமையை வாங்குவது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அங்கீகாரம் அளித்தது. என்றாலும் வீடு உங்களுடையதாகாது. ஹெவி டெபாசிட் என்றால் பல லட்சம் முன்பணம், வாடகை சொற்பம் அல்லது பூஜ்யம். ஊரில் நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் கொண்டுவரும் பணத்தை முன்பின் தெரியாதவரிடம் இப்படிக் கொடுப்பதற்கு முன், அந்த வீட்டின் பேரில் வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது உயிர்நாடியான விஷயம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கதவு திறக்காமல் போகலாம். ‘பாச்சலர் வேண்டாம்’, ‘மாமிசம் சமைக்கக் கூடாது’, ‘தனிப் பெண்ணுக்குத் தர மாட்டோம்’. முஸ்லிம் பெயரைக் கேட்டதும் வீடு திடீரென்று ‘ஏற்கெனவே போய்விட்டது’ ஆகிவிடும். சாதியை நேராகக் கேட்காமல் சாப்பாட்டைக் கேட்பவர்களும் உண்டு. நாகரிக நகரம் என்று பெயர் வாங்கிய மும்பையின் வாடகைச் சந்தையில் இது ரகசியமே இல்லை. இப்படி ஒதுக்கப்பட்டவர்கள் கடைசியில் போய்ச் சேரும் பகுதிகளில், இருக்கும் வீட்டைவிடத் தேடுபவர்கள் அதிகம். அதனால் மோசமான வீட்டுக்கும் நல்ல வாடகை கொடுக்கிறார்கள்.

சில நாட்களுக்கு மட்டும்

குடியேற அல்லாமல், தேர்வுக்கோ நேர்முகத்துக்கோ சிகிச்சைக்கோ வருபவர்களின் கணக்கு வேறு. இவர்களுக்குத் தூரத்தில் மலிவாகத் தங்குவது உதவாது. பழக்கமில்லாதவர் காலை எட்டரை மணி வண்டியில் ஏறி, சரியான நேரத்துக்கு, கசங்காத சட்டையுடன் போய்ச் சேர்வது நடக்காத காரியம். இரண்டு பாதைகளும் சந்திக்கும் தாதரைச் சுற்றித் தங்குவது செலவு கூடினாலும் நேரத்தை மிச்சப்படுத்தும். தீவு நகரத்தில், அதாவது சயானுக்கும் பாந்த்ராவுக்கும் தெற்கே, ஆட்டோ ஓட அனுமதியில்லை. டாக்சி அல்லது பெஸ்ட் பஸ்தான். 2025 மே முதல் பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பரேலில் 1941இல் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்கிலுமிருந்து புற்றுநோயாளிகள் வருகிறார்கள். சிகிச்சை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும். பக்கத்து நடைபாதையில் பிளாஸ்டிக் விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்களை யாரும் பார்க்கலாம். லாட்ஜ் ஆளிடம் பணத்தைக் கொடுப்பதற்கு முன், மருத்துவமனையின் சமூக நலப் பிரிவைக் கேட்க வேண்டும். தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலை போல, நோயாளிகளுக்கும் உடன் வந்தவர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் இடம் தரும் தர்மசாலைகள் இருக்கின்றன. இடம் உடனே கிடைக்காமல் போகலாம். பெயரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பதற்கும் கார்டு, மருத்துவமனைக் கடிதம், அடையாள அட்டைகளின் நகல்களைக் கையோடு வைத்திருப்பதற்கும் பலன் உண்டு. நோயாளிக்குத் தேவை மலிவான அறை மட்டுமல்ல. ரயிலேறாமல் போய்ச் சேரக்கூடிய அறை.

கடைசியாக, வீடு பிடித்துப் போய், டோக்கன் பணம் கொடுக்கக் கை பர்ஸுக்குப் போகும் நேரத்தில் ஒரு நாள் பொறுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனபோது ரயில் காலியாக இருந்தது, ஜன்னலோரம் கிடைத்தது. திங்கள்கிழமை காலை அதே நிலையத்துக்கு, அலுவலகம் போகும் நேரத்தில், அலுவலகப் பையுடன் மறுபடியும் போங்கள். வண்டியில் ஏற முடிகிறதா பாருங்கள். ஏறி, அலுவலக வாசல் வரை போங்கள். மாலையில் அதே வழியாகத் திரும்பி வந்து, இருட்டில் அந்த வீடு வரை நடந்து பாருங்கள்.

அதற்குப் பிறகும் அந்த வாடகை உங்களுக்குக் குறைவாகத் தோன்றினால், கையெழுத்துப் போடலாம்.